திருகு அளவியிலிருந்து சிஎன்சி வரை: பள்ளி மாணவர்களுக்கு உற்பத்தித் தொழிலை அறிமுகம் செய்தல்

தொழிற்சாலையைப் பார்க்க வரும் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் பாதுகாப்பு வேலிக்கு அப்பால் சுழலும் ரோபோ கையைப் பார்க்கிறார்கள். கதவு மூடிய சிஎன்சி இயந்திரத்துக்குள், அதாவது கணினி தரும் எண்களின்படி தானே வெட்டும் இயந்திரத்துக்குள், கூலன்ட் எனும் குளிர்விக்கும் திரவம் தெறிப்பதைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, தட்டில் அடுக்கியிருக்கும் பளபளப்பான பாகங்களைத் தொட்டுப் பார்த்துத் திரும்புகிறார்கள். அவர்கள் வியப்பது உண்மை. ஆனால் முரட்டு உலோகக் கட்டிக்கும் அந்தப் பளபளப்பான பாகத்துக்கும் இடையில் யாரோ ஒருவர் எந்த முகத்தைப் பிடிப்பது, எங்கிருந்து அளப்பது, எந்த வெட்டுளியை முதலில் இறக்குவது, எங்கே நிறுத்திச் சரிபார்ப்பது என்று வரிசையாக முடிவெடுத்திருக்கிறார் என்பது அந்த வருகையில் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அந்த முடிவுகள்தான் தொழில். அவற்றைக் காணாத மாணவர் இயந்திரத்தைப் பார்த்தாரே தவிர, தொழிலைப் பார்க்கவில்லை.

முதலில் இயந்திரப் பணியிலும் பின்னர் பயிற்சி அளிப்பதிலும் நீண்ட காலம் இருந்துவருபவன் என்ற முறையில், உயர்நுட்ப உற்பத்தியைப் பள்ளி மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்பும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அறிமுகம் ரோபோவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, அளவீட்டிலிருந்து தொடங்கட்டும். ஓர் அளவுக்குத் தானே பொறுப்பேற்று, அந்த அளவு வந்ததா இல்லையா என்பதைத் தானே சரிபார்க்கும் அனுபவம் ஒருமுறை கிடைத்துவிட்டால், அதன்பின் சிஎன்சி, முப்பரிமாண அச்சு, ரோபோ, உணரிகள் என்று எதைக் காட்டினாலும் அவை எதற்காக இருக்கின்றன என்பது மாணவருக்குப் புரிந்துவிடும்.

இதற்குத் தேவையான முதல் கருவி ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளின் இயற்பியல் ஆய்வகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் மாணவர்கள் அறிவார்கள். மீச்சிற்றளவு என்றால் என்ன, சுழிப்பிழையை எப்படித் திருத்துவது என்பதைத் தேர்வுக்காகப் படித்தும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே அவர்கள் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்து, அட்டவணையை நிரப்பி, சராசரி கண்டு, நோட்டை மூடிவிடுகிறார்கள். அந்த எண்ணைப் பொறுத்து எதுவும் நடப்பதில்லை. தொழிற்கூடத்தில் அதே எண்ணைப் பொறுத்துப் பாகம் அடுத்த கட்டத்துக்குப் போகும் அல்லது கழிவுத் தொட்டிக்குப் போகும். இந்த ஒரே வேறுபாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் போதும். பழகிய கருவி புதிய பொருள் பெறும்.

நான் வழக்கமாகச் செய்யச் சொல்லும் பயிற்சி மிக எளியது. நன்கு மெருகிட்ட ஓர் எஃகு உருளையை வகுப்பில் உள்ள ஒவ்வொருவரும் திருகு அளவியால் அளந்து, அடுத்தவருக்குக் காட்டாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தர வேண்டும். எல்லாத் தாள்களையும் கரும்பலகையில் வரிசைப்படுத்தினால், ஒரே உருளைக்கு 9.96 மில்லிமீட்டர் முதல் 10.03 மில்லிமீட்டர் வரை எண்கள் வந்து நிற்கும். அப்போது வகுப்பில் ஒரு நல்ல வாக்குவாதம் எழும். ஒருவர் பற்சக்கரத் தலையைச் சொடுக்கொலி கேட்கும்வரை மட்டும் திருகியிருப்பார், மற்றொருவர் உருளையே நசுங்கும்படி இறுக்கியிருப்பார், வேறொருவர் சாய்வாகப் பிடித்திருப்பார், இன்னொருவர் சுழிப்பிழையைக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருப்பார். உருளை மாறவில்லை, அளந்தவர்கள்தாம் மாறினார்கள் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். தரக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு புதிய கருவியை நம்பத் தொடங்குவதற்கு முன் செய்யும் சோதனையும் அடிப்படையில் இதுதான்: ஒரே பாகத்தைப் பலர் பலமுறை அளந்து, வரும் சிதறலில் எவ்வளவு பாகத்தைச் சேர்ந்தது, எவ்வளவு அளப்பவரைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பார்கள்.

இங்கிருந்து டாலரன்ஸுக்கு, அதாவது ஏற்கத்தக்க விலகலுக்கு, போவது இயல்பானது. எந்தப் பாகத்தையும் சொன்ன அளவில் அப்படியே செய்துவிட முடியாது. எவ்வளவு விலகினால் ஏற்கலாம் என்பதைத்தான் வரைபடம் சொல்கிறது. 20 மில்லிமீட்டர் துளை ஒன்றுக்குள் அதே 20 மில்லிமீட்டர் தண்டு தடையின்றிச் சுழல வேண்டும் என்றால், பரவலாகப் பயன்படும் பன்னாட்டுத் தரநிலைப் பொருத்தம் ஒன்றில் துளை 20.000 முதல் 20.021 வரையும், தண்டு 19.980 முதல் 19.993 வரையும் இருக்கலாம். ஆக, இரண்டுக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளி 0.007 மில்லிமீட்டர், மிக அதிக இடைவெளி 0.041 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் என்பதை மாணவர்கள் தங்கள் முடியையே அளந்து அறிந்தபின் இந்த எண்களைக் காட்டினால், வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும்.

பள்ளியில் அந்த அளவு துல்லியத்துக்கு முயல வேண்டியதில்லை. வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு தண்டையும் மற்றொரு குழு துளையுள்ள தட்டையும் தனித்தனி அறையில் செய்யட்டும். நடுவில் ஒருவர் மற்றவரின் பாகத்தைப் பார்க்கக் கூடாது, வரைபடத்தை மட்டுமே நம்ப வேண்டும். மரம், நெகிழி, அலுமினியம் எதுவாக இருந்தாலும் சரி, டாலரன்ஸ் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் சரி. கடைசியில் எந்தத் தண்டும் எந்தத் துளையிலும் பொருந்த வேண்டும். தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து இன்றுவரை உற்பத்தித் தொழில் நின்றுகொண்டிருப்பது இந்த மாற்றிப் பொருத்தும் தன்மையின்மீதுதான். பணிமனைக்குப் பணிமனை திருகுப் புரிகள் வேறுபட்டிருந்த காலத்தில், 1841-இல் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணம் கொண்ட ஒரே சீரான புரி முறையை முன்வைத்தார். யாரோ செய்த மரையாணியில் வேறு யாரோ செய்த மரை ஏறும் என்று நாம் இன்று எண்ணிக்கூடப் பாராமல் நம்புவதற்கு அத்தகைய முயற்சிகளே காரணம்.

அளவீட்டைப் பற்றி இன்னும் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 75 முதல் 100 மில்லிமீட்டர் வரை அளக்கும் மைக்ரோமீட்டர், அதாவது பெரிய திருகு அளவி, கிடைத்தால், 100 மில்லிமீட்டர் எஃகுத் தண்டு ஒன்றை முதலில் அறை வெப்பநிலையில் அளந்து, பிறகு சிறிது நேரம் வெந்நீரில் வைத்துத் துடைத்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் எஃகு ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மில்லிமீட்டர்) நீளும். எனவே 100 மில்லிமீட்டர் தண்டு பத்துப் பாகை சூடானால் ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர், அதாவது திருகு அளவியின் ஒரு பிரிவு அளவுக்கு நீளும். பாடப்புத்தகத்தில் வெப்ப விரிவு என்பது தண்டவாள இடைவெளியோடு நின்றுவிடுகிறது. இங்கே அது கையில் இருக்கும் பாகத்தை ஏற்பதா நிராகரிப்பதா என்ற கேள்வியாகிறது. இதனால்தான் 1931-இல் உலக அளவில் நீள அளவீட்டுக்கான நிலையான வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் என்று தீர்மானித்தார்கள். சுவீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் உருவாக்கிய, துல்லியமான தடிமனுக்கு மெருகிட்ட அளவுக் கட்டைகளையும் இந்த இடத்தில் காட்டலாம். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தித் திருப்பினால் பசையோ காந்தமோ இல்லாமல் அவை ஒட்டிக்கொள்ளும். சில பத்துக் கட்டைகளை வெவ்வேறு வகையில் இணைத்தே பல்லாயிரம் அளவுகளை உருவாக்க முடியும். அதைக் கையில் வாங்கிப் பார்த்த மாணவர் எவரும் உடனே திருப்பித் தந்ததை நான் கண்டதில்லை.

அளவு பழகியபின் வரைபடமும் கணிதமும் வருகின்றன. முக்கோணவியல் எதற்கு என்று கேட்கும் பத்தாம் வகுப்பு மாணவருக்கு நான் தரும் விடை ஒரு தட்டு. 40 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தின்மேல் சம இடைவெளியில் ஆறு துளைகள் இட வேண்டும். வட்டத்தின் மையமே தூரங்களை அளக்கத் தொடங்கும் சுழிப்புள்ளி. முதல் துளை மையத்திலிருந்து வலப்புறம் 20 மில்லிமீட்டரில் இருக்கிறது. இரண்டாவது துளை 60 பாகையில் இருப்பதால், அதன் கிடைத்தூரம் 20 பெருக்கல் கோசைன் 60, அதாவது 10; செங்குத்துத் தூரம் 20 பெருக்கல் சைன் 60, அதாவது 17.3205. தேர்வுத்தாளில் 17.3 என்று எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் துளையின் இடம் 0.01 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வரைபடம் கேட்டால், 17.3 என்று இயந்திரத்துக்குச் சொன்னவர் தட்டை வீணாக்கிவிட்டார், ஏனென்றால் அங்கேயே 0.02 மில்லிமீட்டர் போய்விட்டது. எத்தனை தசம இடம் வரை எழுத வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஆசிரியரின் விருப்பம் அல்ல, அந்தப் பாகம் செய்யப்போகும் வேலை என்று புரியும்போது மாணவர்களுக்கும் எண்களுக்கும் இடையிலான உறவே மாறிப்போகிறது.

அந்த ஆய எண்களை இயந்திரத்துக்குச் சொல்லும் வாக்கியங்கள்தான் ஜி-கோடு. ஜி 00 என்றால் வெட்டாமல் விரைந்து நகர், ஜி 01 என்றால் குறிப்பிட்ட வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிச் செல், ஜி 02, ஜி 03 என்றால் கடிகாரத் திசையிலும் எதிர்த்திசையிலும் வில்லாக வளைந்து செல். இந்த நான்கையும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்து, வரைபடத் தாளில் பென்சிலையே வெட்டுளியாக எண்ணி, ஒருவர் வாசிக்க மற்றவர் வரைய, ஒரு பாகத்தின் வெளிக்கோட்டை உருவாக்கச் செய்யலாம். ஜி 01 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜி 00 என்று எழுதினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வெட்டுளி முழு வேகத்தில் உலோகத்துக்குள் பாய்ந்து உடையும் என்று அவர்களாகவே சொல்வார்கள். கணினிக்கு முன் அமர்ந்து நிரல் எழுதும் மாணவருக்கு, தன் ஒற்றை எழுத்துப் பிழை ஸ்பிண்டில் எனும் கனமான சுழல்தண்டை எங்கே கொண்டுபோய் மோதும் என்று கற்பனை செய்யும் பழக்கம் அரிய பயிற்சி.

இந்த முறையின் பிறப்பையும் சுருக்கமாகச் சொல்லலாம். ஹெலிகாப்டர் சுழலிறக்கைகளுக்கான வடிவத் தகடுகளின் வளைவைத் துல்லியமாகப் பெறும் முயற்சியில் ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர், வளைவின்மேல் உள்ள புள்ளிகளைக் கணக்கிட்டு இயந்திரத்துக்கு எண்களாகவே தரலாம் என்று எண்ணினார். அமெரிக்க விமானப்படையின் ஆதரவோடு அந்த வேலை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றது. 1952-இல் துளையிட்ட நாடாவைப் படித்து மூன்று திசைகளில் தானே நகர்ந்து, சுழலும் வெட்டுளியால் செதுக்கும் மில்லிங் இயந்திரம் அங்கே செயல்விளக்கம் பெற்றது. இன்றைய சிஎன்சி இயந்திரங்கள் அதன் வழித்தோன்றல்களே.

முப்பரிமாண அச்சைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல பள்ளிகள் உயர்நுட்ப உற்பத்தி என்றவுடன் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு அதோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. சார்லஸ் ஹல் 1984-இல் ஒளியால் திரவப் பிசினை அடுக்கடுக்காக இறுகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார். நெகிழி இழையை உருக்கி அடுக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-இல் கோரிய காப்புரிமை 2009-இல் காலாவதியானது. அதற்கு முன்பே, 2005-இல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் திறந்த வடிவமைப்பு இயந்திரத்துக்கான திட்டத்தைத் தொடங்கியிருந்தார். இவை இரண்டும் சேர்ந்ததால்தான் தொழிற்சாலைக்குள் இருந்த கருவி பள்ளி மேசைக்கு வந்தது.

அந்தக் கருவி நல்லதுதான். மாணவர் காலையில் வரைந்ததை மாலையில் கையில் பிடித்துப் பார்க்க முடிகிறது. ஆனால் இணையத்திலிருந்து இறக்கிய பொம்மையை அச்சிடும் மாணவர் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறொன்றும் கற்பதில்லை. அதே இயந்திரத்தில் 10 மில்லிமீட்டர் துளையுள்ள கட்டியைத் தானே வரைந்து அச்சிட்டு, துளையை அளந்து, அது 10-க்குக் குறைவாக வந்திருப்பதைக் கண்டு, ஏன் என்று தேடி, வரைபடத்தில் எவ்வளவு கூட்டினால் சரியான அளவு வரும் என்று கண்டுபிடிப்பவர் உண்மையான உற்பத்திப் பொறியாளரின் வேலையைச் செய்கிறார். அடுக்குகள் எந்தத் திசையில் அமைகின்றனவோ அதைப் பொறுத்து உடையும் வலிமை மாறுவதையும் அவர் இரண்டு கொக்கிகளை வெவ்வேறு திசையில் அச்சிட்டு எடை தொங்கவிட்டே அறியலாம். தொழில் உலகில் இந்த முறை எங்கே பொருந்துகிறது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு: காதின் அச்சுக்கேற்பத் தனித்தனியாகச் செய்யப்படும் செவித்துணைக் கருவிகளின் கூடுகள் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன, லீப் என்ற விமான எஞ்சினில் எரிபொருளைத் தெளிக்கும் முனை முன்பு ஏறக்குறைய 20 துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டது, இன்று உலோகத் தூளிலிருந்து ஒரே துண்டாக அச்சிடப்பட்டு 25 சதவீதம் எடை குறைந்திருக்கிறது. ஒரே மாதிரியான பத்து லட்சம் மூடிகள் வேண்டுமென்றால் யாரும் இதை நாட மாட்டார்கள், உருகிய நெகிழியை வார்ப்பச்சில் செலுத்தி வார்ப்பதே விரைவானது. எதற்கு எந்த முறை என்று தேர்ந்தெடுக்கும் அறிவைத்தான் தொழிற்கூடங்கள் தேடுகின்றன.

இனி வேலைவாய்ப்புகளுக்கு வருவோம். பதவிப் பெயர்களைத் திரையில் வரிசையாகக் காட்டும் வழிகாட்டி உரைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. மாணவர்கள் அவற்றை அன்று மாலையே மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு சிக்கலைக் கொடுப்பேன். ஒரு சிஎன்சி கடைசல் இயந்திரம் (பாகத்தைச் சுழற்றி வெட்டுவது) காலை முதல் ஒரே பாகத்தைச் செய்துகொண்டிருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எடுத்து அளந்த எண்களைத் தருகிறேன். முதல் இரண்டு மணி நேரத்தில் அளவு மெல்ல ஏறி, பிறகு ஓரிடத்தில் நிற்கிறது. உணவு இடைவேளைக்குப்பின் திடீரென்று காலை அளவுக்கே திரும்பி, மீண்டும் மெல்ல ஏறுகிறது. என்ன நடக்கிறது?

பெரும்பாலோர் முதலில் வெட்டுளி தேய்கிறது என்பார்கள். நல்ல ஊகம். ஆனால் தேய்ந்த வெட்டுளி இடைவேளையில் வளர்ந்துவிடாதே என்று யாராவது ஒருவர் சொல்வார், அங்கிருந்து விவாதம் சூடுபிடிக்கும். இயந்திரம் ஓடும்போது ஸ்பிண்டில் சூடாகி நீள்கிறது, நிறுத்தினால் ஆறுகிறது என்ற விடையை வெந்நீரில் தண்டை அளந்த மாணவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். அதன்பின் இந்தச் சிக்கலைத் தொழிற்சாலையில் யார் யார் தொடுகிறார்கள் என்று கேட்டால் பணிகள் தாமாகவே வெளிவருகின்றன. எண்கள் நகர்வதை முதலில் கவனித்துக் குறித்தவர் இயந்திர இயக்குநர். அந்த எண்களை நம்பலாமா என்று பாகத்தின் புள்ளிகளைத் தொட்டு அவற்றின் ஆய எண்களைத் தரும் ஆய அளவீட்டு இயந்திரத்தில் சரிபார்ப்பவர் அளவீட்டு வல்லுநர். காலையில் இயந்திரத்தைச் சூடேற்றிய பிறகே முதல் பாகத்தைச் செய்ய வேண்டும் என்று பணிமுறையை மாற்றுபவர் செயல்முறைத் திட்டமிடுபவர். குளிர்விப்பு அமைப்பின் குழாயையும் உணரியையும் பார்ப்பவர் இயந்திரவியலும் மின்னணுவியலும் அறிந்த மெக்கட்ரானிக்ஸ் பராமரிப்பாளர். வெப்பநிலையைப் படித்து அளவைத் தானே திருத்தும்படி நிரலில் சேர்ப்பவர் நிரலாளர். இந்தப் பாகத்தை அசையாமல் பிடிக்கும் ஃபிக்சர் எனும் தாங்கியையும், அது பொருந்தும் அச்சையும் செய்தவர் கருவி மற்றும் அச்சுத் தொழிலர். இத்தொழிலில் நான் மிகவும் மதிக்கும் பணி அதுதான். ஒரே சிக்கலைச் சுற்றி இத்தனை பேர் நிற்பதைக் கண்டபின், நான் இதில் யாராக இருப்பேன் என்று மாணவர் தனக்குள் கேட்கத் தொடங்குகிறார்.

ரோபோக்கள் வந்தால் வேலை இருக்குமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது, அதைத் தட்டிக்கழிப்பது நியாயமில்லை. யூனிமேட் என்ற முதல் தொழிலக ரோபோ 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், அச்சு வார்ப்பு இயந்திரத்திலிருந்து கொதிக்கும் உலோகப் பாகங்களை எடுத்து அடுக்கும் வேலைக்கு வந்தது. அது மனிதரைச் சுட்டுப் பொசுக்கிய வேலை. அன்றிலிருந்து இயந்திரத்தில் பாகத்தை ஏற்றி இறக்கும் பணிகள் படிப்படியாக ரோபோக்களிடம் போய்க்கொண்டிருக்கின்றன, இனியும் போகும். ஏற்றி இறக்குவதை மட்டுமே கற்ற ஒருவருக்கு இதில் எதிர்காலம் குறைவு என்பதை மாணவரிடம் மறைக்கக் கூடாது. அதே ரோபோவை இடத்தில் நிறுத்தி, அதற்குப் பாதை கற்பித்து, அது பிடிக்கும் கவ்வியை வடிவமைத்து, அது தவறும்போது காரணம் கண்டுபிடிக்கும் வேலைகள் மனிதரிடமே இருக்கின்றன. இயங்குவதை வேடிக்கை பார்ப்பதைவிட நின்றுபோனதை ஆராயக் கற்பதுதான் பாதுகாப்பு. பள்ளியில் வேண்டுமென்றே ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்வது அதற்கான சிறந்த தொடக்கம்.

பாதுகாப்பைப் பற்றிய பாடத்தைச் சுவரொட்டியோடு விட்டுவிடாமல் காரணங்களோடு சொல்ல வேண்டும். சுழலும் ஸ்பிண்டிலுக்கு அருகில் கையுறை அணியக் கூடாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காப்பதாகத் தோன்றும் அந்தத் துணிதான் சிக்கிக்கொண்டு கையையே இழுத்துவிடும். தளர்ந்த சட்டைக்கை, மோதிரம், தொங்கும் சங்கிலி, கட்டாத கூந்தல் ஆகியவற்றுக்கும் அதே காரணம் பொருந்தும். உலோகச் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, பாகத்தைப் பிடித்துச் சுழற்றும் சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு நகரக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கூடத்துக்குள் நுழையக் கூடாது. காரணத்தோடு கேட்ட மாணவர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொள்கிறார்கள்.

தொழிலின் கடினமான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பல ஆலைகளில் சுழற்சி முறைப் பணி உண்டு. இரவில் விழித்திருக்க வேண்டும். நெடுநேரம் நிற்க வேண்டும், இரைச்சல் இருக்கும், கூலன்ட் வாசனை துணியில் ஏறும். தேர்ந்த தொழிலராக ஆவதற்கு ஆண்டுகள் பிடிக்கும், தொடக்க ஊதியம் பெரிதாக இராது. இவற்றை அறிந்தே தேர்ந்தெடுத்தவர் நிலைத்து நிற்கிறார். ஒளிப்படங்களை நம்பி வந்தவர் முதல் மாதத்திலேயே மனம் உடைகிறார்.

பெற்றோரிடம் பேசும்போதுதான் இன்னும் பெரிய தடை தெரிகிறது. கைத்தொழில் என்பது படிப்பு ஏறாதவர்களுக்கு உரியது என்ற எண்ணம் பல சமூகங்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. முக்கோணவியலும் வெப்ப இயலும் புள்ளியியலும் நாள்தோறும் பயன்படும் ஒரு தொழிலைப் பற்றி அப்படி நினைப்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடித்த இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தொழிற்பயிற்சிப் பாதையையே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கிருந்து பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் வழியும் திறந்திருக்கிறது. செருமனியின் இரட்டைப் பயிற்சி முறையில் வாரத்தின் சில நாட்கள் தொழிற்கல்விப் பள்ளியிலும் மீதி நாட்கள் நிறுவனத்திலும் கழிகின்றன; பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை கிடைக்கிறது, பல தொழில்களுக்கு மூன்று முதல் மூன்றரை ஆண்டுகளில் தேர்ச்சி பெறுகிறார்கள். இந்த வாசல் வழியாக நுழைந்தவர் பின்னர் பொறியியல் பட்டத்துக்கும் போகலாம் என்று தெரிந்த பெற்றோர் அவ்வளவு எளிதில் மறுப்பதில்லை. பட்டப்படிப்புக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் இந்த அறிமுகம் வீணாகாது. தான் வரைவதை ஒருவர் எப்படிப் பிடித்து வெட்டுவார் என்று அறிந்த வடிவமைப்பாளர் கிடைப்பது அரிது.

மாணவியர் இதில் ஒதுங்கி நிற்பதைப் பல வகுப்புகளில் காண்கிறேன். ஆர்வமின்மையால் அப்படி நடப்பதில்லை. முதல் பத்து நிமிடங்களில் கருவி யார் கையில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். கலப்புக் குழுக்களில் மாணவர் இயந்திரத்தைப் பிடித்துக்கொள்ள, மாணவியர் குறிப்பெடுப்பவர்களாகிவிடுகிறார்கள். பணிகளைச் சுழற்சியில் மாற்றுவதைக் கட்டாயமாக்கினாலே நிலைமை மாறிவிடுகிறது. வாய்ப்பிருந்தால், ஆலையில் பணிபுரியும் பெண் தொழிலர் ஒருவரை வரவழைத்து, உரையாற்றச் சொல்லாமல், மாணவர்களோடு சேர்ந்து ஒரு பாகத்தை அளக்கச் சொல்லுங்கள்.

ஆர்வம் பிடித்துக்கொண்ட மாணவருக்கு அடுத்த படி எது என்பதையும் பள்ளி அறிந்திருக்க வேண்டும். உலகத் திறன் போட்டிகள் அவற்றில் ஒன்று. 1950-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மட்டும் பங்கேற்றுத் தொடங்கிய அந்தப் போட்டி இன்று பல நாட்டு இளைஞர்கள் வரும் பெரும் நிகழ்வாகியிருக்கிறது. சிஎன்சி கடைசல், சிஎன்சி மில்லிங், மெக்கட்ரானிக்ஸ், தொழிலகக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சு முறையான அடுக்குமுறை உற்பத்தியும் சேர்ந்திருக்கிறது. போட்டிக்குப் போகாதவர்களுக்கும் முந்தைய போட்டிகளின் வரைபடங்களைப் படித்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி. பொதுப் பணிக்கூடங்கள் இன்னொரு வழி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய ஃபேப் லேப் இயக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. எண்முறைக் கருவிகளை எவரும் வந்து பயன்படுத்தலாம் என்பது அதன் அடிப்படை.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன், ஏனெனில் மேலே எழுதியவை எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. தொழிற்கூடத்தில் ஒரு வாரம்கூட இருந்திராத ஆசிரியரிடம் இந்தப் பாடத்தை ஒப்படைத்துவிட்டு, விலையுயர்ந்த கருவிகளை வாங்கிக் குவிப்பதால் பயனில்லை. விடுமுறையில் அருகிலுள்ள ஓர் ஆலையிலோ பயிற்சி நிலையத்திலோ சில நாட்கள் தங்கி, ஒரு பாகத்தையாவது தாமே வரைபடத்திலிருந்து செய்து முடிக்க ஆசிரியருக்குப் பள்ளி வழிசெய்ய வேண்டும். ஆலைகளும் மாணவர்களை ஒரே நாளில் சுற்றிக் காட்டி அனுப்புவதற்குப் பதில், அதே குழுவை சில வாரங்கள் கழித்து மீண்டும் வரவழைக்கலாம். முதல் வருகையில் மாணவர்கள் ஒரு பாகத்தின் வரைபடத்தை வாங்கிச் செல்லட்டும். இடையில் பள்ளியில் அதை எப்படிப் பிடிப்பது, எந்த வரிசையில் வெட்டுவது என்று தாங்களே திட்டம் எழுதட்டும். இரண்டாம் வருகையில் அந்தப் பாகத்தை உண்மையில் செய்யும் தொழிலரிடம் தங்கள் திட்டத்தைக் காட்டி, அவர் ஏன் வேறு வரிசையில் செய்கிறார் என்று கேட்கட்டும். இதற்கு ஆலைக்கு ஆகும் செலவு அந்தத் தொழிலரின் ஒரு மணி நேரம் மட்டுமே, அதைத் தர மறுத்த ஆலையை நான் இதுவரை சந்தித்ததில்லை.